உள்ளகக் கணக்காய்வுப் பிரிவுக்கு எப்படிப்பட்டவர்களை எடுப்பது? முழுமைத் தர முகாமைத்துவம் தரும் விடை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் இயங்கும் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் பொது முகாமையாளர் கேட்டிருக்கிறார். அவர்களிடம் கிராமிய வங்கிக் கிளைகள், எரிபொருள் நிரப்பு நிலையம், அரிசி ஆலை, மொத்த விற்பனைக் களஞ்சியம் ஆகியவை உண்டு. நிறுவனத்தின் கணக்குகளையும் கட்டுப்பாடுகளையும் உள்ளிருந்தே சோதிக்கும் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் இப்போது இருவர்தான் இருக்கிறார்கள். மேலும் மூவரைச் சேர்க்கப் பணிப்பாளர் சபை இணங்கியிருக்கிறது. முழுமைத் தர முகாமைத்துவம், அதாவது பிழையைப் பின்னர் தேடாமல் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் எல்லோரும் சேர்ந்து தரத்தைப் பேணும் முறை, அதன் கொள்கைகளைக் கொண்டு அந்த மூவரையும் தெரிவு செய்ய முடியுமா, அல்லது வழமைபோலக் கணக்கியல் தகைமை உள்ளவர்களை எடுத்துவிடுவதா என்பதே அவருடைய ஐயம்.

முடியும் என்பதே என் விடை. ஆனால் அந்தக் கொள்கைகளை ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் எழுதும் அலங்காரச் சொற்களாக எடுத்துக்கொண்டால் பயன் எதுவும் இராது. அவை முதலில் உங்கள் கணக்காய்வுப் பிரிவு வேலை செய்யும் முறையையே கேள்விக்குள்ளாக்கும். அந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகுதான் யாரை எடுப்பது என்பது தெளிவாகும்.

1950இல் யப்பானுக்குச் சென்று பொறியியலாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் புள்ளிவிபரத் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்த அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளரும் இந்தக் கொள்கைகளின் முன்னோடிகளுள் ஒருவருமான எட்வேட்ஸ் டெமிங், பிற்காலத்தில் முகாமையாளர்களுக்கென 14 அம்சங்களை வகுத்தார். அவற்றுள் மூன்றாவது, தரத்தை அடைவதற்குப் பரிசோதனையில் தங்கியிருப்பதை நிறுத்துங்கள் என்பது. பொருளைச் செய்து முடித்த பின் பழுதானதைப் பொறுக்கி எடுப்பதால் தரம் வராது; செய்யும்போதே தரமாகச் செய்ய வேண்டும். இதைக் கேட்கும் கணக்காய்வாளர் பலர், தங்கள் தொழிலே பரிசோதனைதானே என்று மனம் சுருங்குவதுண்டு. உண்மையில் இந்த அம்சம் முதலில் பொருந்துவது கணக்காய்வுப் பிரிவின் உள்வேலைக்குத்தான். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது என்ன? அனுபவம் குறைந்த இளையவர்கள் கிளைக்குப் போய் வவுச்சர் எனப்படும் உறுதிச்சீட்டுகளைச் சரி பார்த்துக் குறியிடுகிறார்கள். அவர்கள் எழுதிக் கொண்டு வருவதைச் சிரேஷ்ட உத்தியோகத்தர் திருத்துகிறார். அதைப் பிரதம உள்ளகக் கணக்காய்வாளர் மீண்டும் எழுதுகிறார். களவேலை நடந்து இரண்டு மாதங்கள் கழித்து வெளிவரும் அறிக்கையில், கிளையில் நேரில் கண்டவர் கண்ட செய்தி பாதிதான் எஞ்சியிருக்கும். திறமை முழுவதும் மீளாய்வு மேசையில் குவிந்திருக்க, வேலை நடக்கும் இடத்தில் திறமை இல்லை. நீங்கள் சேர்க்கப்போகும் மூவரில் ஒருவரைக்கூட மீளாய்வு செய்யவென்று எடுக்கவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். முதல் முறையிலேயே சரியாகப் பார்த்து, சரியாகக் கேட்டு, சரியாக எழுதக்கூடியவர் களத்தில் நிற்க வேண்டும்.

அடுத்தது, இந்த வேலை யாருக்காக என்பது. அடுத்த கட்டத்தில் வேலை செய்பவரே உங்கள் வாடிக்கையாளர் என்றார் யப்பானியத் தர அறிஞர் கவுரு இஷிகாவா. தரம் என்பது பயன்பாட்டுக்குப் பொருந்துவது என்றார் டெமிங்கைப் போலவே இத்துறையின் முன்னோடியான யோசப் ஜுரான். உங்கள் அறிக்கையைக் கையில் எடுப்பவர்கள் பணிப்பாளர் சபையினர், கிளை முகாமையாளர்கள், பிறகு கூட்டுறவுத் திணைக்களத்திலிருந்து வரும் கணக்காய்வாளர். விண்ணப்பம் கோருவதற்கு முன் இவர்களுள் சிலரை அழைத்துக் கடந்த ஆண்டின் அறிக்கைகளை முன்னால் வைத்து, எந்தப் பந்தியைப் படித்து ஒரு முடிவு எடுத்தீர்கள், எந்தப் பந்தியைப் படிக்காமலே விட்டீர்கள், எது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். அந்த விடைகளிலிருந்துதான் உங்களுக்குத் தேவையான திறன்களின் பட்டியல் பிறக்கும். ஆனால் வாடிக்கையாளர் என்ற சொல்லை இங்கே எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். கணக்காய்வு செய்யப்படும் கிளை முகாமையாளர் மனம் மகிழ்வது தரத்தின் அளவுகோல் ஆகாது. அவருக்கு விளங்கும்படியும் அவரால் செயற்படுத்தக்கூடியபடியும் எழுதுவது கடமை. அவருக்குப் பிடித்தபடி எழுதுவது கடமை தவறுவது. இந்த எல்லையை மறந்து திருப்திப் படிவம் கொடுத்துப் புள்ளி வாங்கும் கணக்காய்வுப் பிரிவுகள், நாளடைவில் எவரையும் நோகாத அறிக்கைகளையே எழுதப் பழகிவிடுகின்றன.

இனி உங்கள் நிறுவனத்தின் வேலைகளுக்கு வருவோம். கிராமிய வங்கியின் பெரிய ஆபத்து நகை அடகில் இருக்கிறது. முத்திரையிட்ட பொதியைப் பிரித்து, நிறுத்து, உரைகல்லில் உரைத்து, அந்தக் கோட்டில் அமிலம் விட்டு, நிறம் நிற்கிறதா கரைகிறதா என்று பார்க்கத் தெரியாத ஒருவர், அடகுப் பதிவேட்டின் கூட்டல் கழித்தலை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் முலாம் பூசிய காப்பு ஒன்று பெட்டகத்துக்குள் இருப்பதை அறியமாட்டார். பதிவேடு சரியாகவே இருக்கும், நகைதான் பொய். எரிபொருள் நிலையத்தில் அளவுகோலை நிலத்தடித் தாங்கிக்குள் இறக்கி மட்டம் எடுக்கவும், பெற்றோல் ஆவியாகி ஏற்படும் நியாயமான இழப்பையும் அளவுக்கு மீறிய குறைவையும் பிரித்தறியவும் தெரிய வேண்டும். அரிசி ஆலையில் 100 கிலோ நெல்லுக்குப் பொதுவாக 60 முதல் 68 கிலோ வரை அரிசி கிடைக்கும் என்பதும், நெல்லின் ஈரப்பதனும் வகையும் அவித்தலும் அந்த அளவை மாற்றும் என்பதும் தெரிந்தவர்தான், இந்த மாதம் ஏன் குறைந்தது என்று ஆலைப் பொறுப்பாளரிடம் அர்த்தமுள்ள கேள்வி ஒன்றைக் கேட்க முடியும். இவற்றுள் எதுவும் கணக்கியல் டிப்ளோமாவின் பாடத்திட்டத்தில் இல்லை. ஆகவே ஒரு தாளில் இடப்பக்கம் உங்கள் ஆபத்துகளை அவற்றின் பண அளவுப்படி இறங்குவரிசையில் எழுதுங்கள். மேலே இப்போதுள்ள இருவரின் பெயர்களையும் எழுதி, எந்த ஆபத்தை யாரால் தனித்துப் பார்க்க முடியும் என்று நிரப்புங்கள். பெரும் இழப்புகள் சில இடங்களிலிருந்தே வருகின்றன என்பதை ஜுரான் வலியுறுத்தினார். வரிசையின் தலையில் நிற்கும் மூன்று நான்கு ஆபத்துகளுக்கு நேரே கட்டங்கள் வெறுமையாக இருந்தால், அந்த வெற்றிடங்கள்தான் நீங்கள் நிரப்ப வேண்டிய பதவிகள்.

இதன்படி பார்த்தால் மூவரும் ஒரே தகைமை கொண்டவர்களாக இருக்கக்கூடாது. ஒருவர் கணக்கியலில் ஆழமாகக் கற்றவராக இருக்கட்டும். பட்டயக் கணக்காளர் பரீட்சையின் இடைநிலையைத் தாண்டியவரோ, உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா முடித்து அனுபவம் பெற்றவரோ போதும். இன்னொருவர் கணினித் தரவுகளோடு வேலை செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உங்கள் கிளைகளின் கொடுக்கல் வாங்கல்கள் கணினியில் இருக்கும்போது, மாதிரிக்கு முப்பது உறுதிச்சீட்டுகளை எடுத்துப் பார்ப்பதைவிட, எக்செல்லில் முழு ஆண்டையும் வரிசைப்படுத்தி ஒரே அடையாள அட்டை இலக்கத்துக்கு இரண்டு கிளைகளில் வழங்கிய கடனைக் கண்டுபிடிப்பது எளிது. மூன்றாவது இடத்தை நிரந்தரமாக நிரப்பாமல், நிறுவனத்தின் ஏனைய பிரிவுகளில் நல்ல பெயர் எடுத்தவர்கள் முறைவைத்து வந்து ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியத்தில் பத்து ஆண்டுகள் இருந்த ஒருவருக்கு இருப்பு அட்டையை எங்கே திருத்துவார்கள் என்பது தெரியும். அவர் திரும்பிப் போகும்போது, கட்டுப்பாடு ஏன் தேவை என்ற விளக்கத்தையும் தன் பிரிவுக்கு எடுத்துச் செல்வார். பிரிவுகளுக்கிடையிலான தடைகளை உடையுங்கள் என்ற டெமிங்கின் ஒன்பதாவது அம்சம் இவ்வாறுதான் நடைமுறைக்கு வரும்.

இந்த முறைவைப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. 1941இல் தொடங்கப்பட்ட உள்ளகக் கணக்காய்வாளர்களின் சர்வதேச நிறுவகம் வெளியிட்டு, 2025 ஜனவரி 9 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலகளாவிய நியமங்களின்படி, ஒருவர் முந்திய 12 மாதங்களுக்குள் தாம் பொறுப்பாக இருந்த வேலையைக் கணக்காய்வு செய்தால் அவரது நடுநிலை பாதிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். களஞ்சியத்திலிருந்து வந்தவர் முதல் ஆண்டில் எரிபொருள் நிலையத்தையும் ஆலையையும் பார்க்கட்டும். களஞ்சியத்தைப் பார்க்கும் சக உத்தியோகத்தருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம், முடிவு எழுதக்கூடாது.

நடுநிலை என்று வரும்போது யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. இது சிறிய சமூகம். கிளை முகாமையாளர் கணக்காய்வாளரின் ஒன்றுவிட்ட அண்ணராக இருப்பார். இல்லையென்றால் ஒரே பள்ளிக்கூடத்தின் பழைய மாணவராக, ஒரே கோயில் திருவிழா உபயகாரராக இருப்பார். உறவே இல்லாத ஆளைத் தேடி எடுப்பது இங்கே நடக்காத காரியம். தேடினால் கொழும்பிலிருந்து ஒருவரைக் கொண்டுவர வேண்டிவரும், அவரும் ஓராண்டில் திரும்பிவிடுவார். ஆளைப் பழிசொல்லாமல் முறையைத் திருத்து என்பதுதான் இங்கும் வழி. ஒவ்வொரு கணக்காய்வுக்கும் முன்பு, குழுவினர் ஒவ்வொருவரும் அந்தக் கிளையில் தமக்குள்ள உறவு, நட்பு, கடன், அடகு ஆகியவற்றை ஒரு பக்கப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிடட்டும். உறவு இருப்பதாக எழுதுவதில் எந்தக் குற்றமும் இல்லை. எழுதியவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டால் போதும். மறைத்தால் மாத்திரமே தவறு என்பதை நேர்முகப் பரீட்சையிலேயே சொல்லிவிடுங்கள். ஐவர் கொண்ட குழுவில் இது எளிதாக நடக்கும். இருவரை மட்டும் வைத்திருந்தபோது நடந்திருக்காது. மூவரைச் சேர்ப்பதற்கு நீங்கள் சபையிடம் சொல்லக்கூடிய நல்ல நியாயங்களுள் இதுவும் ஒன்று.

தெரிவு செய்யும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இங்கேதான் பல நிறுவனங்கள் கோட்டை விடுகின்றன. சான்றிதழ்களுக்குப் புள்ளி, ஐந்து நிமிட நேர்முகம், பொது அறிவுக் கேள்விகள் என்பவை கணக்காய்வாளரைக் காட்டித் தரா. வேலையையே மாதிரியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, பெயர்களை மறைத்த ஒரு கட்டு ஆவணங்களைக் கொடுங்கள். அதில் சீனி மூட்டைகளின் இருப்பு அட்டை ஒன்று, அதற்குரிய பொருள் பெற்ற குறிப்புகள், வழங்கல் சிட்டைகள், லொறியின் ஒரு மாத ஓட்டப் பதிவு ஆகியவை இருக்கட்டும். இருப்பு அட்டையில் ஒரு கூட்டல் பிழையை வையுங்கள். விடுமுறை நாள் ஒன்றில் பொருள் வழங்கியதாக ஒரு பதிவை வையுங்கள். மூன்று கிழமைப் பதிவுகள் முழுவதும் ஒரே பேனையால், ஒரே சாய்வில், ஒரே தடவையில் அமர்ந்து எழுதியதுபோல இருக்கட்டும். ஓட்டப் பதிவில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகவர 210 கிலோமீற்றர் என்று ஒரு வரி இருக்கட்டும். உண்மையில் ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர்.

விண்ணப்பதாரர் பலர் கூட்டல் பிழையைக் கண்டுபிடிப்பார்கள். சிலர் விடுமுறை நாளையும் பிடிப்பார்கள். கையெழுத்து ஒரே அடியாக எழுதப்பட்டிருப்பதைக் கவனிப்பவர், பதிவு அன்றன்று நடக்கவில்லை என்ற வேரையே தொட்டவர், அவரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஓட்டப் பதிவுக்கு வாருங்கள். சாரதி பொய் எழுதியிருக்கிறார் என்று உடனே எழுதுபவரும் இருப்பார். அன்று வேறு கிளைக்கும் போக வேண்டியிருந்ததா, வழங்கல் சிட்டை என்ன சொல்கிறது, சாரதியிடம் கேட்கலாமா என்று உங்களிடம் திருப்பிக் கேட்பவரும் இருப்பார். இரண்டாமவரைத்தான் நான் எடுப்பேன். அவர் கணக்கியலில் இரண்டு புள்ளி குறைவாக எடுத்திருந்தாலும் பாதகமில்லை; அதைக் கற்றுக் கொடுக்கலாம். முடிவுக்கு முன் விசாரிக்கும் குணத்தை வேலையில் சேர்ந்த பிறகு ஊட்டுவது கடினம். பரீட்சையின் முடிவில் அவர் கண்டதை அரைப் பக்கத்தில், களஞ்சியப் பொறுப்பாளருக்கு விளங்கும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சுற்றறிக்கைகள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வருமென்பதால் அவற்றை வாசித்து விளங்கும் அளவுக்கு மொழியறிவு குழுவில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். ஐவரிடமும் இருக்கத் தேவையில்லை.

ஆட்களை எடுத்தபின் அவர்களை எப்படி வைத்திருப்பது என்பதும் ஆட்சேர்ப்பின் பகுதியே. பயத்தை விரட்டுங்கள் என்பது டெமிங்கின் எட்டாவது அம்சம். எண்ணிக்கை இலக்குகளை நீக்குங்கள் என்பது பதினோராவது. உள்ளகக் கணக்காய்வுக்கு மாற்றுவதைத் தண்டனையாகக் கருதும் அலுவலகங்கள் நம்மிடையே இருக்கின்றன. அங்கே நல்லவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். அதுபோலவே, மாதம் இத்தனை ஐயவினா (கண்ட குறைக்கு விளக்கம் கேட்டுக் கணக்காய்வாளர் எழுதுவது) எழுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்த இடங்களில், ஒரு குறைபாடு ஐந்தாகப் பிளக்கப்படும்; கையொப்பம் விடுபட்டது, திகதி முத்திரை மங்கியது என்பவை குவியும்; நகைப் பொதியைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைக்காது. ஐயவினாக்களின் எண்ணிக்கையைக் கொண்டு எவருடைய சம்பள ஏற்றத்தையும் தீர்மானிக்காதீர்கள்.

அப்படியென்றால் எதை அளப்பது என்று கேட்பீர்கள். வோல்ட்டர் ஷூஹார்ட் 1924இல் அறிமுகப்படுத்திய கட்டுப்பாட்டு வரைபடம், அதாவது இயல்பான ஏற்றத்தாழ்வையும் தனிக் காரணத்தால் வந்த மாற்றத்தையும் பிரித்துக் காட்டும் வரைபடம், இதற்குப் போதும். ஓர் உதாரணம் தருகிறேன். ஏறத்தாழ ஒரே அளவான கிளைக் கணக்காய்வுக் கோவைகளில், மீளாய்வின்போது திருத்தச் சொல்லி எழுதப்படும் குறிப்புகளை எண்ணுங்கள். இருபது கோவைகளின் சராசரி ஒரு கோவைக்கு 9 குறிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். 9இன் வர்க்கமூலம் 3. அதன் மும்மடங்கு 9. அதைச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 18, சராசரியிலிருந்து கழித்தால் கீழ் எல்லை பூச்சியம். புதிதாக வந்த ஒருவரின் கோவையில் 14 குறிப்புகள் வந்தால், அது சராசரியைத் தாண்டியிருப்பினும் முறையின் இயல்பான ஏற்றத்தாழ்வுக்குள்தான் இருக்கிறது. அவரை அழைத்து ஏசுவதால் ஒன்றும் மாறாது. 23 வந்தால் மட்டும் அந்தக் கோவையில் தனியாக ஏதோ நடந்திருக்கிறது என்று தேடலாம். 9 என்ற சராசரியே அதிகம் என்று நினைத்தால், வேலைத்தாளின் அமைப்பு, கணக்காய்வு நிகழ்ச்சித்திட்டம், பயிற்சி, கொடுத்த நாட்கள் ஆகியவற்றை நீங்கள்தான் மாற்ற வேண்டும். உத்தியோகத்தரால் அதை மாற்ற முடியாது. குறைபாடுகளில் 94 வீதம் முறைமையைச் சார்ந்தது, அது முகாமைத்துவத்தின் பொறுப்பு என்று டெமிங் தம் அனுபவத்தில் மதிப்பிட்டதன் பொருள் இதுவே. பொது முகாமையாளர் என்ற முறையில் உங்களுக்கு இது கசப்பாக இருக்கலாம்; ஆயினும் இதை ஏற்காமல் முழுமைத் தர முகாமைத்துவத்தில் கால் வைப்பது வீண்.

பயிற்சிக்கு ஆகும் செலவைப் பற்றிச் சபையில் கேள்வி எழும். தர முகாமைத்துவத்தின் இன்னொரு முன்னோடியான ஆமண்ட் பைகன்பாம் தரச் செலவுகளைத் தடுப்புச் செலவு, மதிப்பீட்டுச் செலவு, தவறியதால் வரும் செலவு எனப் பிரித்தார். ஓர் அனுபவசாலிப் பொற்கொல்லரை அழைத்து ஐவருக்கும் உரைகல் பழக்குவது தடுப்புச் செலவு. ஒரு போலி நகை அடகின் முழுத் தொகையும் வட்டியும் போவது தவறியதன் செலவு. இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது.

நம் பகுதியில் இன்னொரு உண்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பரீட்சைகளில் சித்தியடையும் இளையவர்கள் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவார்கள். அதைத் தடுக்கப் பிணைமுறி எழுதி வாங்குவதை நான் விரும்பவில்லை. அவர் அறிந்தது அவரோடு போய்விடாதபடி வேலையை அமைப்பது மேல். ஒவ்வொரு கணக்காய்வும் முடிந்த கிழமையில் ஐவரும் ஒரு மணி நேரம் அமர்ந்து, எது எதிர்பாராதபடி வந்தது, நிகழ்ச்சித்திட்டத்தில் எந்த வரியைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று பேசி, அன்றே திருத்தி எழுதட்டும். யப்பானியத் தொழிற்சாலைகளில் 1962 முதல் வளர்ந்த தர வட்டங்கள், அதாவது தம் வேலையைத் தாமே திருத்தக் கூடும் தொழிலாளர் குழுக்கள், செய்த வேலையும் இதுதான். இரண்டு ஆண்டுகளில் உங்களிடம் இருக்கப்போகும் நிகழ்ச்சித்திட்டம் கடையில் வாங்கக்கூடிய எதையும்விட உங்கள் கிளைகளுக்குப் பொருந்தியதாக இருக்கும். புதிதாக வருபவர் இரண்டு மாதங்களில் வேலையைப் பிடித்துக்கொள்வார்.

தீவகத்தில் கிளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். குறிகாட்டுவானில் படகு ஏறும்போதே கணக்காய்வாளர் வருகிறார் என்ற செய்தி நெடுந்தீவுக்குப் போய்விடும். திடீர்ச் சோதனையை நம்பிக் குழுவைத் திட்டமிட முடியாது. அங்கே தரவுகளை முன்கூட்டியே பகுப்பாய்வு செய்துவிட்டு, எதைப் பார்ப்பது என்று தீர்மானித்துப் போகிறவரே பயன்படுவார்.

அரச நிறுவனங்களில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டமும் நிதிப் பிரமாணங்களும் உள்ளகக் கணக்காய்வாளரின் இடத்தை ஏற்கெனவே வரையறுத்திருக்கின்றன; ஆளணி அங்கீகாரம் உங்கள் கையில் இராது. ஆயினும் இருக்கும் ஆளணிக்குள் முறைவைப்பு, உறவுப் படிவம், வேலை மாதிரி, தர வட்டம் ஆகியவற்றைச் செய்யத் தடை எதையும் நான் காணவில்லை.

உங்களுக்கு ஒழுங்குமுறையாகச் சொல்வதானால், முதலில் தரவு தெரிந்தவரை எடுங்கள். அவர் மூன்று மாதங்கள் வேலை செய்தபின் உங்கள் ஆபத்துப் பட்டியலே மாறியிருக்கும். அந்தப் புதிய பட்டியலைப் பார்த்துக் கணக்கியல் அறிந்தவருக்கான விளம்பரத்தை எழுதுங்கள். முறைவைப்பு இடத்துக்கு, பிரிவுத் தலைவர் விட்டுக்கொடுக்கத் தயங்கும் ஒருவரைக் கேளுங்கள். எளிதாக அனுப்பிவைக்கும் ஒருவரை எடுக்காதீர்கள். அவர் திரும்பிச் செல்லும்போது பதவி மூப்போ ஏற்றமோ பறிபோகாது என்பதை, அவர் வருவதற்கு முன்பே பணிப்பாளர் சபையின் கூட்டக் குறிப்பில் பதிய வைத்து, அதன் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.